2147483647 பகா எண் என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

என் தங்கை மகன் நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் முதலாம் ஆண்டு படிக்கிறான். போன வாரம் அவன் எழுதிய ஜாவா புரோகிராமில் கூட்டிக்கொண்டே போன தொகை திடீரென்று மைனஸில் போய் நின்றுவிட்டது. விசாரித்ததில் 2147483647 தான் அதில் கொள்ளும் கடைசி எண், அதற்கு மேல் ஒன்று கூட்டினால் −2147483648 ஆகிவிடும் என்று தெரிந்திருக்கிறது. கூடப் படிக்கும் பையன் ஒருவன் "அது பகா எண்ணும்கூட" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இவன் ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன் போட்டு, "மாமா, இவ்வளவு பெரிய எண்ணைப் பகா எண் என்று எப்படிச் சொல்ல முடியும், ஒவ்வொன்றாக வகுத்தா பார்த்தார்கள்? கம்ப்யூட்டரின் கடைசி எண் பகா எண்ணாக வந்தது தற்செயலா? அதனால் ஏதாவது பிரயோஜனம் உண்டா?" என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டான். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. மார்த்தாண்டத்தில் டியூஷன் எடுத்த காலத்திலிருந்தே இந்த எண் எனக்கு மிகவும் பிடித்தமானது, அதனால் எழுதியே அனுப்பினேன். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துப் போடுகிறேன்.

மக்ளே, இரண்டாவது கேள்விக்குப் பதில் சின்னது, அதை முதலில் முடித்துவிடுவோம். நம் எண்ணை நம் வழக்கப்படி புள்ளி போட்டால் 2,14,74,83,647, அதாவது இருநூற்றுப் பதினான்கு கோடிச் சொச்சம். இது 2³¹ − 1. அந்த எண்ணுக்கு ஒதுக்கிய 32 பிட்டில், அதாவது 0 அல்லது 1 நிற்கும் 32 இடத்தில், ஒரு பிட் பிளஸ் மைனஸ் குறிக்குப் போய்விடுவதால் மீதி 31 பிட்டும் 1-ஆக நிற்கும்போது வரும் எண் இது. அதே கணக்கில் 8 பிட்டுக்குக் கடைசி எண் 127, அது பகா எண். 16 பிட்டுக்கு 32767, அது 7 × 31 × 151. 64 பிட்டுக்கு 2⁶³ − 1, அதுவும் உடையும், 127-ஆல் மீதியில்லாமல் வகுபடும். ஆக கம்ப்யூட்டர் செய்தவர்கள் பகா எண்ணைத் தேடிப் போகவில்லை, இரண்டின் அடுக்குகளைத் தேடிப் போனார்கள், வழியில் 7-ஆம் அடுக்கிலும் 31-ஆம் அடுக்கிலும் பகா எண் அமைந்துவிட்டது.

ஆனால் 15-உம் 63-உம் ஏன் அமையவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. 999999 என்ற எண்ணைப் பார்த்தவுடன் அது 999-ஆல் வகுபடும் என்று உனக்குத் தெரிகிறது, ஏனென்றால் ஆறு ஒன்பதை மும்மூன்றாகப் பிரித்துவிடலாம், 999 × 1001. 0, 1 மட்டும் வைத்து எழுதும் இருமத்திலும் அதே கதைதான். 32767 என்பது வரிசையாகப் பதினைந்து ஒன்று, அதை 111 111 111 111 111 என்று மும்மூன்றாக வெட்டலாம், அதனால் 111-ஆல், அதாவது 7-ஆல் வகுபடும், ஐந்தைந்தாக வெட்டினால் 11111-ஆல், அதாவது 31-ஆல் வகுபடும். அடுக்கு உடைந்தால் எண்ணும் உடையும். எனவே 2-இன் அடுக்கிலிருந்து ஒன்று கழித்தால் பகா எண் வரவேண்டுமென்றால் அடுக்கே பகா எண்ணாக இருக்க வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. 11 பகா எண்தான், ஆனாலும் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இந்த 2047-ஐ மறந்துவிடாதே, கீழே மறுபடி வருவோம்.

இப்படி வரும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். மெர்சென் ஒரு பிரெஞ்சுத் துறவி, 1644-இல் 257 வரை எந்தெந்த அடுக்குகள் சரிவரும் என்று ஒரு பட்டியல் போட்டார். 31 அதில் சரியாக இருந்தது, 67-உம் 257-உம் தப்பு, 61, 89, 107 மூன்றும் விட்டுப்போயின. அந்தக் காலத்தில் அவர் சொன்னதை முழுவதும் சரிபார்க்க ஒருவராலும் முடியவில்லை என்பதையும் சேர்த்து நினைத்துப் பார். 31-க்கே நூற்று இருபத்தெட்டு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, முதல் கேள்விக்கு வருவோம்.

பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த வழி உனக்குத் தெரியும். ஒரு எண் உடையுமானால் அதன் ஒரு காரணியாவது வர்க்கமூலத்துக்குள் இருந்தாக வேண்டும். 2147483647-இன் வர்க்கமூலம் 46340-க்கும் 46341-க்கும் நடுவில். அதுவரை உள்ள பகா எண்கள் சுமார் 4,800. ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்து ஒன்றிலும் மீதி பூஜ்யம் வராவிட்டால் பகா எண். இத்தாலியில் கட்டால்டி 1588-இல் 2¹⁹ − 1-ஐ இப்படித்தான் நிரூபித்தார், அதற்கு 724 வரை பார்த்தால் போதும், அவர் கையில் 750 வரைக்கும் பகா எண் அட்டவணை இருந்தது. 46,000 வரை அட்டவணை போட்டு நாலாயிரத்து எண்ணூறு நீள வகுத்தல் கையால் செய்வதென்றால் மனுஷனால் ஆகாத காரியம் இல்லை, ஆனால் நடுவில் ஒரு தப்பு வந்தாலும் தெரியாது.

பதினெட்டாம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லர் என்ன செய்தார் என்றால், வகுக்க உட்காருவதற்கு முன்னால், இந்த எண்ணை வகுக்கத் தகுதி உள்ள எண் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டார். நான் உனக்குச் சொல்ல நினைப்பது முழுக்க இந்த ஒரு விஷயம்தான், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான். எண்ணின் உருவத்தைப் பார்த்தே அதை உடைக்க வரக்கூடியவர்களில் பெரும்பாலானோரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம்.

முதல் சல்லடை இது. 'ப' என்ற பகா எண் 2³¹ − 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள். அப்படியென்றால் 2³¹-ஐ 'ப'-வால் வகுத்தால் மீதி 1. பத்தாம் வகுப்பில் மட்டு எண்கணிதம் படித்தாயே, அதே மொழிதான். ஒன்றில் தொடங்கி இரண்டால் பெருக்கிக்கொண்டே போய், ஒவ்வொரு தடவையும் 'ப'-வால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால், 31 அடி வைத்ததும் 1-க்குத் திரும்பிவிடுகிறது. அதற்கு முன்னால் திரும்பியிருக்க முடியுமா? முடியாது, ஏனென்றால் முதல் திரும்பல் எத்தனையாவது அடியோ அந்த எண் 31-ஐ வகுக்க வேண்டும், 31 பகா எண், ஆகவே சுற்று சரியாக 31 அடி. இன்னொரு பக்கம் ஃபெர்மாவின் சிறிய தேற்றம் சொல்கிறது, ப − 1 அடி வைத்தாலும் 1-க்குத்தான் வந்து சேர்வோம். சுற்றின் நீளம் 31, ப − 1 அடியிலும் தொடங்கிய இடத்துக்கே வருகிறோம், அப்படியானால் ப − 1 என்பது 31-இன் மடங்கு. 'ப' ஒற்றைப்படை, எனவே ப − 1 இரட்டை, ஆகவே 62-இன் மடங்கு. 62-இன் மடங்கோடு ஒன்று கூட்டினால் வரும் எண்கள் மட்டும்தான் உள்ளே வரலாம். 3, 5, 7, 11, 13 எல்லோரும் ஒரே வரியில் வெளியே.

2047-இல் சரிபார். அடுக்கு 11, எனவே காரணிகள் 22-இன் மடங்கோடு ஒன்று. 23 = 22 + 1. 89 = 4 × 22 + 1. இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிய நாளில் டியூஷனில் ஒரு பெண் குழந்தை, "சார், அப்போ உடைவதற்கு முன்னாலேயே எப்படி உடையும் என்று தெரிந்துவிடுகிறதே" என்றது. அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

இரண்டாவது சல்லடை இன்னும் அழகு. 2³¹-க்கு மீதி 1 என்றால் 2³²-க்கு மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். அதாவது 'ப'-வின் உலகத்தில் 2 ஒரு வர்க்க எண்ணின் மீதியாக வந்துவிட்டது. எந்தப் பகா எண்களுக்கு இப்படி 2 வர்க்கமாக வரும் என்பதற்குத் தெளிவான விடை இருக்கிறது: எட்டால் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வருபவற்றுக்கு மட்டும். (7-ஐ எடு, 3 × 3 = 9, ஏழால் வகுத்தால் மீதி 2. ஐந்தை எடு, வர்க்கங்களின் மீதி 1-உம் 4-உம்தான், 2 வராது.) இந்த நிபந்தனையை மேலே உள்ள 62-ஓடு சேர்த்தால், மிஞ்சுபவை 248-இன் மடங்கோடு 1 கூட்டியவை, இல்லாவிட்டால் 248-இன் மடங்கோடு 63 கூட்டியவை. வேறு எதுவும் கிடையாது. 46340-க்குள் அப்படிப்பட்ட எண்கள், 1-ஐ விட்டுவிட்டால், மொத்தமே 373 தான். அவற்றிலும் பெரும்பாலானவை பகு எண்கள், அவற்றால் வகுக்கவே வேண்டாம். நிஜமாக வகுக்க வேண்டியது நூறுக்கும் குறைவு.

ஆரம்பத்தைப் போட்டுக் காட்டுகிறேன். 63-உம் 249-உம் மூன்றால் வகுபடும், போ. 311 பகா எண், முதல் உண்மையான ஆள் இவர்தான். 311 × 6905092 = 2147483612, மீதி 35. 497 ஏழால் வகுபடும். 559 = 13 × 43. 745, 807, 993, 1055, 1241 எல்லாம் பகு எண்கள். 1303 பகா எண், வகுத்தால் மீதி 226. 1489 பகா எண், மீதி 199. கொஞ்ச தூரம் போனால் 63 + 8 × 248 என்ற இடத்தில் யார் வந்து நிற்கிறார் பார், நம் 2047. அவர் 23 × 89, எனவே அவரும் தேவையில்லை.

இதை நான் முழுவதுமாகக் கையால் போட்டிருக்கிறேன். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்த அப்புறம் எங்கள் ஊரில் ரப்பரும் வாழையும் சாய்ந்து, கரண்ட் கம்பி அறுந்து, நாள் கணக்கில் இருட்டு. கடலுக்குப் போனவர்களைக் கரையில் தேடிக்கொண்டிருந்த நாட்கள் அவை, ஊரில் யாருக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. ராத்திரி மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு ஒரு நாற்பது பக்க நோட்டில் இடப்பக்கம் 248-இன் வரிசை, வலப்பக்கம் வகுத்தல் என்று எழுதத் தொடங்கினேன். பகு எண்களைப் பென்சிலால் அடித்துவிட்டு மீதமுள்ளவற்றை மட்டும் பேனாவால் வகுத்தேன். ஒரு தடவை ஒரு வகுத்தலில் மீதி பூஜ்யம் வந்துவிட்டது, நெஞ்சு அடித்துக்கொண்டது, திரும்பப் பார்த்தால் நடு இலக்கம் ஒன்றைத் தவறாக இறக்கியிருந்தேன். கரண்ட் வருவதற்குள் நோட்டு முடிந்தது. மெழுகு சொட்டிய அந்த நோட்டு இன்றும் அலமாரியில் இருக்கிறது, வீட்டுக்கு வந்தால் காட்டுகிறேன்.

ஆய்லர் இதைச் செய்து பெர்னூலிக் குடும்பத்துக் கணித அறிஞர் ஒருவருக்குக் கடிதத்தில் எழுதியது 1772-இல். அப்போது அவர் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார், கண் பார்வை ஏறக்குறைய முழுதாகப் போயிருந்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. நாற்பது வருடம் முன்னால், 1732-இல், அவர் 2³² + 1 பகா எண் இல்லை என்று காட்டினார். ஃபெர்மா அதைப் பகா எண் என்று நம்பியிருந்தார். அதன் காரணிகள் 64-இன் மடங்கோடு ஒன்றாக இருக்க வேண்டும், 641 = 10 × 64 + 1, அது வகுத்துவிடுகிறது, 641 × 6700417. அங்கே உடைக்க உதவிய அதே பார்வை, இங்கே உடையாது என்று காட்ட உதவியது. பக்கத்துப் பக்கத்து வீட்டு எண்கள்போல இருக்கும் இரண்டுக்கு ஒரே மனிதர் நாற்பது வருட இடைவெளியில் எதிரெதிர்த் தீர்ப்பு கொடுத்திருக்கிறார்.

இதற்குப் பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலகத்தில் தெரிந்த மிகப் பெரிய பகா எண் இதுதான். பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலக் கணித ஆசிரியர் 1811-இல், இதிலிருந்து வரும் நிறைவெண்தான் இனி எப்போதும் கண்டுபிடிக்கப்படக்கூடியதில் பெரியது, பயன் இல்லாத வெறும் வேடிக்கை என்பதால் யாரும் அதற்கு மேல் முயல மாட்டார்கள் என்ற கருத்தில் எழுதினார். நிறைவெண் என்றால் தன்னைத் தவிர்த்த தன் வகுத்திகளைக் கூட்டினால் தானே வருவது, 6 = 1 + 2 + 3 மாதிரி. நம் எண்ணை 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128, அது எட்டாவது நிறைவெண்.

பார்லோ சொன்னது 1876-இலேயே பொய்த்துவிட்டது. பிரான்சில் லூக்கா என்பவர் 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார், 39 இலக்கம், வகுத்துப் பார்த்துத் தீரவே தீராது. அவருடைய வழியை 1930-இல் லேமர் எளிமையாக்கினார். 4-இல் தொடங்கு. வர்க்கப்படுத்து, இரண்டைக் கழி, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வை. அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இதைச் செய்தபின் மீதி பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. 2⁵ − 1 = 31-க்குப் போடு: 4, அப்புறம் 16 − 2 = 14, அப்புறம் 196 − 2 = 194, 31-ஆல் வகுத்தால் மீதி 8, அப்புறம் 64 − 2 = 62, மீதி 0. மூன்று படி, முடிந்தது. நம் 2147483647-க்கு இருபத்தொன்பது படி. உன் புரோகிராமில் பத்து வரிதான், ஆனால் பெருக்கும்போது 64 பிட் வகையை எடுத்துக்கொள், இல்லாவிட்டால் மறுபடி மைனஸில் போய் நிற்கும். 2024 அக்டோபரில் லூக் டுராண்ட் கண்டுபிடித்த 2-இன் 136279841-ஆம் அடுக்கிலிருந்து ஒன்று கழித்த எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள், அதையும் உறுதிப்படுத்தியது இந்த நாலு, பதினான்கு, நூற்றுத் தொண்ணூற்று நாலு வழிதான். எந்த எண்ணுக்கும் பொருந்தும், வேகமும் சந்தேகத்துக்கு இடமில்லாத உறுதியும் உள்ள சோதனை ஒன்று 2002-இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரிடமிருந்து வந்தது. அது தனிக் கதை, இன்னொரு நாள் உட்கார்ந்து பேசலாம்.

பிரயோஜனம் கேட்டாய். இந்த எண்ணால் வகுக்காமலேயே மீதி எடுக்கலாம் என்பது பெரிய சௌகரியம். ஒன்பதால் வகுத்தால் மீதி என்ன என்று பார்க்க இலக்கங்களைக் கூட்டுவோமே, 10-க்கு மீதி 1 என்பதால்தான் அது நடக்கிறது. இங்கே 2³¹-க்கு மீதி 1. எனவே எண்ணை 31 பிட் துண்டுகளாக வெட்டிக் கூட்டினால் போதும். சின்னதாக 31-இலேயே பார், 1000 = 31 × 32 + 8, துண்டுகளைக் கூட்டினால் 39, மறுபடி 32 + 7, கூட்டினால் 8. ஆயிரத்தை 31-ஆல் வகுத்தால் மீதி 8 தான்.

இதை நம்பித்தான் பல வருடம் கம்ப்யூட்டர்கள் தற்போக்கு எண்களை, அதாவது குலுக்கிப் போட்டதுபோல ஒழுங்கில்லாமல் வரும் எண்களை, உண்டாக்கின. ஒரு எண்ணை 16807-ஆல் பெருக்கி 2147483647-ஆல் வகுத்து மீதியை எடு, அதுதான் அடுத்த எண். ஒன்றில் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று துள்ளிக்கொண்டே போகும். பூஜ்யம் தவிர்த்து எல்லா எண்ணையும், இருநூற்றுப் பதினான்கு கோடிச் சொச்சத்தையும், ஒவ்வொரு தடவை மட்டும் தொட்டுவிட்டுத்தான் ஒன்றுக்குத் திரும்பும். இரண்டை வைத்துப் பெருக்கியிருந்தால் 31 அடியில் திரும்பியிருக்கும் என்று மேலே பார்த்தோம், எனவே பெருக்குகிற எண்ணைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 16807 என்பது 7⁵. ஏழு முழுச் சுற்றுப் போகும் எண். அதன் ஐந்தாம் அடுக்கும் முழுச் சுற்றுப் போகுமா என்பது, நம் எண்ணில் ஒன்று குறைத்த 2147483646-ஐ ஐந்து வகுக்கிறதா என்பதைப் பொறுத்தது. அது 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331, ஐந்து இல்லை. உடைக்கவே முடியாத எண்ணுக்கு ஒரு படி கீழே இப்படிப் பொடிப்பொடியாக உதிரும் எண் இருப்பதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. இன்றைக்கு ரகசியக் காரியங்களுக்கு இந்த முறை போதாது, அதற்கு ஒருபோதும் பயன்படுத்தாதே.

உனக்கு வந்த மைனஸ் பிரச்சினை உலகத்துக்கே ஒரு நாள் வர இருக்கிறது. 1970 ஜனவரி 1-லிருந்து விநாடிகளை எண்ணிக்கொண்டு வரும் பழைய 32 பிட் கடிகாரங்களில் இந்த எண் நிரம்பும் நேரம் 2038 ஜனவரி 19 செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. அதற்குள் நீ வேலைக்குப் போயிருப்பாய், திருத்துகிறவர்களில் ஒருவனாகவும் இருக்கலாம்.

இன்னும் ஒன்று. 2147483647 பகா எண் என்பதால் அதையே அடுக்காக வைத்தால் இன்னொரு மெர்சென் பகா எண் வருமா என்று ஆசை வருமல்லவா? அந்த எண்ணுக்கு 64 கோடிக்கும் மேல் இலக்கங்கள், எழுதிவைக்கவே முடியாது. ஆனால் அது பகா எண் இல்லை என்று தெரியும், 295257526626031 அதை வகுத்துவிடுகிறது. அதில் ஒன்றைக் கழித்து 2147483647-ஆல் வகுத்துப் பார், சரியாக 137490 வரும். முதல் சல்லடை சொன்ன அதே உருவம்.

உனக்கு ஒரு கணக்கு வைக்கிறேன், பஸ்ஸிலேயே போட்டுவிடலாம். 2²³ − 1 = 8388607. காரணிகள் 46-இன் மடங்கோடு ஒன்று, எட்டால் வகுத்தால் மீதி 1 அல்லது 7. முதல் ஆளே 47, வகுத்தும் விடுகிறது, 47 × 178481. இனி 178481 பகா எண்ணா? அதன் வர்க்கமூலம் 422-க்குக் கொஞ்சம் மேல். அதை வகுக்கிற எதுவும் 8388607-ஐயும் வகுக்கும் என்பதால் அதே சல்லடைதான். 422-க்குள் தேறுபவை 47, 185, 231, 369, 415. பின்னால் உள்ள நாலும் பகு எண்கள். மிச்சம் 47 ஒன்றுதான். 47 × 3797 = 178459, மீதி 22. ஒரே ஒரு வகுத்தலில் ஆறு இலக்கப் பகா எண் ஒன்று உறுதியாகிவிட்டது.